மேசையில் இரண்டு புத்தகங்கள்

மாரமங்கலத்தில் மூன்று நாளாக மழை. வெளியே போக வழியில்லை, படிக்கிறேன்.

சா. கந்தசாமியின் 'சாயாவனம்' பாதி முடிந்தது. கரும்பாலைக்காக ஒரு வனம் அழிகிற கதை. யாரையும் திட்டாமல் எழுதியிருக்கிறார், அதுதான் வலிக்கிறது.

இன்னொன்று 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழாக்கம் இரா. முருகவேள். முன்பணம் வாங்கி மலையேறியவர்கள், கடன் தீராமல் அங்கேயே மடிகிறார்கள். தினம் பத்துப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை.

என் அம்மாவும் இந்த மலையில் காபிப் பழம் பறித்தவள்தான். அந்தக் கூலியில்தான் படித்தேன். அவளும் முன்பணம் வாங்கித்தான் வந்தாளா? ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு வையுங்கள்.