அப்பாவின் பல்லும் அடம்பிடித்த ஸ்க்ரூவும்!

அப்பா மூன்று வாரமாக ராத்திரிக்குக் களிதான் கேட்டார். உத்தனப்பள்ளியில் கேழ்வரகுக் களி புதிதல்ல. ஆனால், சப்பாத்தி போட்ட அன்றும் "களி கிண்டலையா?" என்று கேட்டபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. களியை மெல்ல வேண்டாம், விழுங்கினால் போதும்.

"வாயைத் திறங்க" என்றார் அம்மா. நான்கு வருடங்களுக்கு முன் வைத்த இம்ப்ளான்ட் பல், வலது கடைவாயில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா ஓசூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பல் ஆட ஆரம்பித்ததுமே, எங்களிடம் சொல்லாமல் ஒரு கிளினிக்கில் இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பத்தே நாளில் மறுபடி ஆட்டம். திரும்பப் போனால், "ஸ்க்ரூ தலை மழுங்கிடுச்சு, கழற்ற முடியாது. இம்ப்ளான்ட்டையே எடுத்துட்டுப் புதுசா வைக்கணும்" என்றார்களாம். தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. மனுஷன் பேசாமல் களிக்கு மாறிவிட்டார்.

'பற்களைப் பாதுகாக்க 5 வழிகள்' என்று நான் எழுதிய கட்டுரை அந்த வாரம்தான் வெளியாகியிருந்தது. அதை அப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே ஓசூரில் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பார்த்தவர் சிரித்தார். "எலும்புல இம்ப்ளான்ட் கல்லு மாதிரி இருக்கு. அது ஆடலை. அதுக்கு மேல பல்லைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூதான் லூஸ். அதுக்காக அஸ்திவாரத்தை இடிக்க வேணாம்."

எலும்புக்குள் இருப்பது டைட்டானியம் வேர். அதற்குள் இறங்கும் ஸ்க்ரூவின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் தலையில் இருக்கும் அறுகோணக் குழி கம்பெனிக்கு ஏற்ப மாறும். 1.20, 1.25, 1.27 மில்லிமீட்டர் என்று கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "70 மைக்ரான் லூஸா ஆலன் கீ போட்டா தலை மழுங்கத்தானே செய்யும்? பட்டறையில பசங்களை இதுக்குத்தான் தினமும் திட்டுறேன் டாக்டரம்மா!"

"இம்ப்ளான்ட் கார்டு இருக்கா சார்?" என்றார் டாக்டர். அப்பா விழித்தார். டிரில்லிங் மெஷின் வாரன்டி கார்டைப் பத்து வருடமாகப் பத்திரமாக வைத்திருப்பவர், பல்லின் கார்டைத் தொலைத்திருந்தார். பல் வைத்த பெங்களூரு கிளினிக்குக்குப் போன் போட்டு, பிராண்டும் அளவும் கேட்டு, புது ஸ்க்ரூ வரவழைத்தோம்.

சனிக்கிழமை காத்திருந்தபோது போனில் ஒன்று படித்தேன். 1952-ல் ஸ்வீடனில் பிரானேமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்திருக்கிறார். வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிவிட்டது. கழற்ற முடியாமல் போன அந்தச் சம்பவத்திலிருந்துதான் இம்ப்ளான்ட் பிறந்தது. 1965-ல் அவரிடம் முதன்முதலில் பல் வைத்துக்கொண்ட யோஸ்தா லார்சன், 2006-ல் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்களோடுதான் வாழ்ந்தார்.

உள்ளே டாக்டர் பல்லின் மேல் அடைப்பை எடுத்து, சரியான அளவுள்ள புது டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்பினார். வழுக்கியது. டிரைவர் தொண்டைக்குள் விழுந்துவிடாமலிருக்க அதில் நூல் கட்டியிருந்தது. அடுத்து, பல் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியின் முனையை வைத்து அதிரவிட்டார். அசையவில்லை. கடைசியாக, மெல்லிய பர்ரால், தண்ணீர் விட்டுக்கொண்டே, மழுங்கிய தலையில் ஒரு காடி வெட்டினார். அவசரமே இல்லை. ஒரு பிசகு நடந்தால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். பிறகு அதில் தட்டையான டிரைவரை வைத்தார்.

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். நாற்காலிப் பிடியில் அவருடைய ஆள்காட்டி விரல் மெதுவாக இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவும் கால் சுற்று, அரைச் சுற்று என்று அவர் விரலோடு சேர்ந்தே வெளியே வந்தது.

புது ஸ்க்ரூவை 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு இறுக்கினார்கள். ஒரு எம்-6 போல்ட்டுக்குக் கொடுக்கிற இறுக்கத்தில் ஒரு சிறு பங்குதான் இருக்கும் என்று அப்பா அப்புறம் சொன்னார். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை இறுக்கினார்கள். "செட்டில் ஆகணும்ல" என்று எனக்கு விளக்கம் வேறு.

"நீங்க களி சாப்பிட்டதும் நல்லதாப் போச்சு சார். ஆடுற பல்லுல மென்னிருந்தா ஸ்க்ரூ உடைஞ்சு உள்ளேயே மாட்டியிருக்கும்" என்றார் டாக்டர். அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்கு ஒரு நல்ல பாயின்ட் கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது, "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஒரு பல்லுதானே பாப்பா" என்றார்.

பழைய ஸ்க்ரூவும் புதுக் கார்டும் இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கின்றன. கார்டை நானும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி என் பழைய கட்டுரையைத் திறந்து ஆறாவது வழியைச் சேர்த்தேன்: 'இம்ப்ளான்ட் வைத்திருந்தால் அதன் பிராண்ட், அளவு எழுதிய கார்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல் ஆடினால் உடனே டாக்டரைப் பாருங்கள். வீட்டிலும் சொல்லுங்கள்!'

அப்பா அதையும் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்.