சிப்பைத் திறப்பவர்கள்

வியாழனின் யூரோப்பா நிலவை ஆராயப் போகும் கிளிப்பர் விண்கலம் கிளம்ப ஐந்து மாதம்தான் இருந்தது. 2024 மே மாதத்தில் அதன் டிரான்சிஸ்டர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. கதிர்வீச்சைத் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட சரக்கு அது. அதே ரகம் வேறொரு வாடிக்கையாளரின் சோதனையில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கதிர்வீச்சிலேயே படுத்துவிட்டது. கலத்தின் மின்னணுப் பெட்டகத்தையோ முந்தைய ஆண்டே மூடியாகிவிட்டது. கலத்தில் உள்ளவற்றைப் போன்ற டிரான்சிஸ்டர்களை நான்கு மாதம் இரவுபகலாகச் சோதித்தார்கள். வியாழனைச் சுற்றும் 21 நாள் சுற்றில் பெரும்பகுதி கடுங்கதிர்வீச்சுக்கு வெளியே கழியும், அந்த இடைவெளியில் அவை ஓரளவு தேறிக்கொள்ளும் என்று தெரிந்த பிறகே அக்டோபர் 14இல் ஏவினார்கள். சோதனைக்கூடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது இந்தச் செய்தியால்தான். பார்த்ததில் ஒன்று உறுதிப்பட்டது. சிப் தாங்குமா என்பதை அதன் முதுகில் அச்சடித்த எண் சொல்லாது. அது வந்த லாட்டை, அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதியை, யாராவது உட்கார்ந்து சோதித்திருந்தால்தான் தெரியும்.

சிப்பைக் கதிர்வீச்சில் சோதிக்கும் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் துகள் முடுக்கியின் பிரம்மாண்டத்தைத்தான் எழுதுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் நடக்கும் சிறு வேலைதான் பெரிதாகப் பட்டது. முடுக்கியிலிருந்து வரும் கனமான அயனி பெரும்பாலும் சிலிக்கானுக்குள் சில பத்து மைக்ரான் ஆழம்தான் போகும்; சிப்பின் பிளாஸ்டிக் உறையிலேயே நின்றுவிடும். ஆகவே உறையைத் திறக்க வேண்டும், சிப்போ உயிரோடு இருக்க வேண்டும். உறையின் நடுவில் சிறு குழி தோண்டி, சூடாக்கிய புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைந்ததை அசிட்டோனால் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு. உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள். தங்கக் கம்பியை இந்த அமிலம் தொடாது, செம்பைத் தின்றுவிடும். செம்புக் கம்பி என்றால் கந்தக அமிலம் கலந்து, சூட்டைக் குறைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒரு சொட்டு கூடினால் சிப் போயிற்று. திறந்த சிப் வெற்றிடக் கலத்துக்குப் போகிறது. அயனிக் கற்றை விழும்போது சிப் இழுக்கும் மின்னோட்டத்தைக் கவனிக்கிறார்கள். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடலாம். மின்னோட்டம் திடீரென்று ஏறி இறங்க மறுத்தால் சிப்புக்குள் குறுக்குவழி திறந்துவிட்டது என்று பொருள். உடனே மின்சாரத்தை அறுக்காவிட்டால் கருகிவிடும். இதற்குப் பின் வரும் புள்ளியியல் எனக்குச் சலிப்பு, விடுகிறேன்.

இவ்வளவு எதற்கு, கனமான உலோகப் பெட்டிக்குள் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எலக்ட்ரான்களுக்குப் பெட்டி உதவும். வேகமான புரோட்டானும் காஸ்மிக் கதிரும் நடைமுறைக்கு ஒத்த எந்தத் தடிமனையும் துளைத்துப் போகும். 1991 ஜூலையில் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்.-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதிலிருந்த பிரேர் என்ற கருவி ஐந்தே நாளில் செத்தது. தென் அட்லாண்டிக்குக்கு மேலே, கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து வரும் இடத்தில், ஒரு நினைவக சிப்பில் திறந்த குறுக்குவழிதான் காரணம். பிறகு அதே ரகத்தைத் தரையில் புரோட்டான் கற்றையில் வைத்தார்கள். அதே கோளாறு வந்தது. ஏவும் முன்பே செய்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. காசினி விண்கலத்தின் கதை வேறு மாதிரி. அதன் நினைவகத்தில் பிழைதிருத்தக் குறியீடு இருந்தது, கணக்கும் சரி. ஆனால் ஒரே சொல்லின் பிட்கள் சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டதால், ஒரே துகள் இரண்டைப் புரட்டியது. இரட்டைப் பிழையைக் குறியீட்டால் திருத்த முடியவில்லை.

காசு கொடுத்தால் நேரமாவது மிச்சமாகும் என்பார்கள். சில சிப்களில் அதுவும் நடக்காது. இருமுனை டிரான்சிஸ்டர் உள்ள பல சிப்கள், விண்வெளியில் போல மெதுவாகக் கதிர்வீச்சு பட்டால்தான் அதிகம் கெடுகின்றன. சோதனைக்கூடத்தின் கதிர்வீச்சு மூலமான கோபால்ட்-60 முன்னால் வேகமாகக் காட்டி முடித்தால் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். நொடிக்கு 0.01 ராட் (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் 1,00,000 ராட் காட்ட வேண்டுமானால் சுமார் 116 நாள். அவ்வளவு நாள் காத்திருக்க மனமில்லாத நிர்வாகமும், ‘தாங்கும்’ என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து விலையை ஏற்றும் இடைத்தரகனும் சேர்ந்தால் என்ன நடக்கும்? பழைய பலகையிலிருந்து கழற்றி, தேய்த்து, புது எண் அச்சடித்த சிப்கள் அமெரிக்க ராணுவத் தளவாடங்களுக்குள்ளேயே நுழைந்தன. அந்நாட்டு செனட் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கையில் சுமார் 1,800 சந்தேக நிகழ்வுகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உதிரிகள். தரகனுக்கு லாட் என்பது பெட்டியில் ஒட்டும் சீட்டு. அமிலம் சொட்டுகிறவருக்கு அந்த லாட்டில்தான் வேலையே. கூலியைப் பேசும்போது மட்டும் யார் பெயர் முதலில் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

வலுவான எதிர்வாதம் செவ்வாயிலிருந்து வருகிறது. இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது கைபேசிக்காகச் செய்த ஸ்னாப்டிராகன் 801. ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டது 72 முறை பறந்தது. அப்படியென்றால் இத்தனை சோதனை வீண்தானே? அந்தக் கைபேசி சிப்பைத் தனியே விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பறப்பைக் கட்டுப்படுத்த கார்களுக்கான நுண்கட்டுப்படுத்தி இரண்டு; எல்லாவற்றையும் கண்காணித்து, ஏதாவது தொங்கினால் மின்சாரத்தை அறுத்து மறுபடி கொடுக்க, கதிர்வீச்சைத் தாங்கும் இன்னொரு சிப். செவ்வாய்த் தரையில் படும் கதிர்வீச்சும் வியாழனுக்குப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட ஒன்றுமில்லை. மலிவான சிப் எங்கே எப்போது தடுமாறும் என்று அறிந்தவர்களால்தான் அதை நம்பிப் பறக்கவிட முடிந்தது. ஆயிரக்கணக்கில் சிறு செயற்கைக்கோள்களை ஏவுகிறவர்கள், ஒன்று போனால் இன்னொன்று என்கிறார்கள். தனித்தனியாகப் போகும்வரை அந்தக் கணக்கு சரி. அத்தனையிலும் ஒரே லாட் சிப் இருந்து, அந்த லாட்டை யாரும் திறந்து பார்க்காமலிருந்தால், முதல் பெரிய சூரியப் புயலில் எத்தனை மிஞ்சும் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது.