மீன் லாரிக்கு என்ன டயர்?

லாரி டயரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வகுப்பில் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். எங்கள் ஊரில் பெரிய பணம் கைமாறும் விஷயங்களில் இதுவும் ஒன்று. பின்பக்கத்துக்கு நாலு டயர் மாற்றினால் ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு லட்சம் சும்மா கிடைப்பதில்லை.

ஊர் கருக்களாச்சேரி, காரைக்கால் பக்கம் கடலோரம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறார். ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு கேரளா போய்த் திரும்பும் வண்டி. நான் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்பதால் "ஏண்டா மாப்ளே, லக்கு போடவா, ரிப்பு போடவா? படிச்சவன் சொல்லு" என்று கேட்டுவிட்டார். பரீட்சையில் கூட இப்படி யாரும் மாட்டிவிட்டதில்லை.

தெரியாதவர்களுக்கு: ரிப் டயர் என்றால் சுற்றிலும் நேர்கோடாக வரி ஓடும். லக் டயர் என்றால் குறுக்கே கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும், டிராக்டர் டயருக்குச் சின்னத் தம்பி மாதிரி. முன்பக்கம் ரிப் என்பதில் சண்டையே இல்லை, ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். வம்பு பின்பக்கத்தில்தான். இஞ்சின் தள்ளுவது அந்த நாலு டயர் வழியாகத்தான்.

லக் ஏன் டீசல் குடிக்கிறது? உருளும்போது ஒவ்வொரு ரப்பர் கட்டையும் தரையில் அமுங்கி, நெளிந்து, மறுபடி நிமிர்கிறது. நெளிவதற்குக் கொடுத்த சக்தி முழுசாகத் திரும்பி வராது, சூடாகப் போய்விடும். நெடுந்தூரம் ஓடிய லாரி டயரைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான். இதற்குப் பெயர் உருளும் தடை. கட்டை உயரமாக, தனித்தனியாக நின்றால் நெளிவு அதிகம், தடையும் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆக்சில் லாரிக்கு 2018-ல் திருத்திய விதிப்படி மொத்த எடை 18.5 டன் வரை போகலாம், அதில் பின் ஆக்சிலுக்கு மட்டும் 11.5 டன். ஆக, உருளும் தடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் அந்த நாலு டயருடையது. லக்கை விட ரிப்புக்கு 15 சதவீதம் தடை குறைவு என்று வைத்துக்கொள்வோம். வண்டி மொத்தத்துக்கு 9 சதவீதம் குறையும். தடை 3 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 சதவீதம் குறையும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் டீசல் 3 சதவீதம் மிச்சம். மாதம் 8,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 என்றால் 1,600 லிட்டர். மிச்சம் 48 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 4,300 ரூபாய்! (காரைக்காலில் டீசல் நாகப்பட்டினத்தை விட மலிவு என்பதால் நம்மூர் டிரைவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் அலட்சியம் செய்வார்கள்.)

மாமாவின் பதில் ஒரே வரி. "கார்த்திகை மாசம் சேத்துல மாட்டுனா உன் நாப்பத்தெட்டு லிட்டரு வந்து தள்ளுமா?"

நியாயம்தான். கேரளா வரை வழி முழுக்கத் தார் ரோடு. தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய். பெரிய மலையேற்றம் கிடையாது, திருச்சூருக்கு முன்னால் வம்பு செய்துகொண்டிருந்த குதிரான் மேட்டுக்கும் 2021-ல் சுரங்கப்பாதை வந்துவிட்டது. அங்கெல்லாம் ரிப் போதும். ஆனால் மீன் ஏற்றும் இடம் முதல் மெயின் ரோடு வரை உள்ள தூரம் வேறு கதை. அங்கே மாட்டினால் ஜேசிபி கூலி, உருகுகிற ஐஸ், விடியற்காலை ஏலத்துக்குப் பிந்திப் போய் விலை இறங்கிய மீன். ஒரு தடவை மாட்டினால் ஒரு மாத டீசல் மிச்சம் காலி.

இங்கே எல்லோரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நம்மூரில் மாட்டுவது இரண்டு விதம். ஒன்று கடற்கரை மணல், இன்னொன்று டெல்டா களிமண். ஈரக் களிமண்ணில் லக் நன்றாக வேலை செய்யும். கட்டைகளுக்கு நடுவே உள்ள அகலமான பள்ளம் சேற்றை வெளியே தள்ளும், ரிப்பின் வரிகளோ அடைத்துக்கொண்டு வழுவழுப்பாகிவிடும். காய்ந்த மணலில் அப்படியில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற லக் மண்வெட்டி மாதிரி குழி தோண்டி வண்டியை உள்ளே இறக்கும். மணலுக்குத் தேவை பலகையும் சாக்கும், ஆக்சிலேட்டரை மிதிக்காத காலும். அதனால் "கடலோர வண்டிக்கு லக்" என்று டயர் கடையில் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

வெளியே லக், உள்ளே ரிப் என்று ஜோடியைக் கலந்து போடும் யோசனையும் வந்தது. வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே உயரமாக இருக்காது. உயரமானது பாரம் முழுவதையும் சுமக்கும், குட்டையானது தரையில் தேய்ந்துகொண்டே வரும். இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அது முடியும்போது கேரளாவில் ஜூலை கடைசி வரை டிராலிங் தடை. அங்கே மீனுக்குக் கிராக்கி, மாமாவுக்கு ஓய்வில்லாத ஓட்டம். இந்த ஓட்டம் முழுக்கத் தார் ரோட்டில். நம் கரையில் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதாவது சேற்றில் பிடிப்பு தேவைப்படுவது வருஷத்தில் மூன்றே மாதம்.

டயரின் குணமும் இதற்கு ஒத்துப்போகிறது. புது டயரில் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம், டீசலும் அதிகம் குடிக்கும். தேயத் தேய நெளிய ரப்பர் குறைவதால் உருளும் தடை குறையும், பிடிப்பும் குறையும். அப்படியென்றால் எந்த டயர் என்பதோடு எந்த மாதம் என்பதும் முக்கியம். செப்டம்பரில் புது டயர் போட்டால் மழைக்கு முழு ஆழம் கிடைக்கும். கோடையில் பாதி தேய்ந்து மைலேஜ் கொடுக்கும். ஜூனில் போட்டால், அந்த ஆழத்தில் ஒரு பகுதி மழைக்கு முன்பே தார் ரோட்டில் கரைந்து போகும். ஜூலை ஓட்டத்தில் வரும் பணமும் செப்டம்பரில் கையில் இருக்கும். கேரளாவிலும் அப்போது தென்மேற்குப் பருவமழைதானே என்பீர்கள். ஈரத் தார் ரோட்டில் லக் பெரிதாக எதுவும் செய்யாது, தண்ணீரை வடிக்கும் வரிகள்தான் வேண்டும். மொட்டை டயர் மட்டும் இருக்கக் கூடாது.

ஆகவே என் சிபாரிசு: நடுவில் வரி, தோள்பட்டையில் கட்டை வைத்த கலப்பு டிசைன் ரேடியல், நாலும் ஒரே மாதிரி, செப்டம்பரில். தேய்ந்த பிறகு கேசிங் நன்றாக இருந்தால் ரீட்ரெட் செய்யும்போது மழைக்கு முன் லக் பட்டை ஒட்டிக்கொள்ளலாம், அங்கே டிசைனை நாமே தேர்ந்தெடுக்கலாம். டயர் சூடாகும் முன்பே காற்று பார்க்க வேண்டும், உள் டயரிலும். வெளி டயரை மட்டும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம், மாமா உட்பட.

2022-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் டயர்களின் உருளும் தடைக்கும் ஈரப் பிடிப்புக்கும் ஓசைக்கும் அளவுகோல் அறிவித்திருக்கிறது. கடையில் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு தம்பி, ரொம்ப நாள் ஓடும்" என்றுதான் பதில் வருகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொல்கிறவர், ஓடும்போது எவ்வளவு குடிக்கும் என்று சொல்வதில்லை.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிவு இன்னும் சொல்லவில்லை. "செப்டம்பர் வரைக்கும் இது தாங்குமாடா?" என்று மட்டும் கேட்டார். போய்க் குனிந்து பார்த்தேன். வலது பக்க உள் டயரில் தேய்மான அடையாளத்துக்கு மேலே விரல் நகம் அளவு ரப்பர்தான் இருக்கிறது.