மைனஸ் இருபதில் ஒரு தொட்டில்

ஊட்டியில் ஒரு ராத்திரி நடுங்கியதை வைத்துக்கொண்டு, "நமக்குக் குளிர் என்ன புதுசா?" என்று மார்தட்டியபடி ஜனவரியில் அமெரிக்கா கிளம்பியவன் நான். மினியாபொலிஸ் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்குள் இருந்த முடியெல்லாம் விறைத்துக் குத்தியது. மைனஸ் 20 டிகிரி! என் மங்கி குல்லாவைப் பார்த்து மருமகள் சிரித்தாள். மறுநாள் அவளே இரவல் கேட்டாள் என்பது வேறு விஷயம்.

இங்கே வீட்டுக்குள் இருந்தால் பனியன் போதும். வாசலுக்குப் போனால் விண்வெளி வீரர் வேஷம். இரண்டுக்கும் நடுவில், வீட்டோடு ஒட்டினாற்போல ஓர் இடம் உண்டு. கராஜ்! கார் நிறுத்த மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தச்சுப்பட்டறை, சைக்கிள் ரிப்பேர் கடை, மனைவியிடமிருந்து தப்பிக்கும் ஆசிரமம் எல்லாம் பலருக்கு அதுதான்.

என் மகனுக்கும் அந்தக் காற்று அடித்துவிட்டது. மார்ச்சில் பிரசவம். "தொட்டிலை நானே செய்யப்போறேன்ப்பா!" என்றான். பலகை அறுத்தான், பசை தடவினான். மறுநாள் பார்த்தால் பசை சுண்ணாம்புப் பொடியாக உதிர்கிறது. தொட்டில் கால் என் கையோடு வந்துவிட்டது! 10 டிகிரிக்குக் கீழே போனால் மரப்பசை சரியாகப் பிடிக்காதாம்.

முதலில் ப்ளக்கில் செருகும் ஹீட்டர் வந்தது. இங்கே சாதாரண ப்ளக்கில் 120 வோல்ட்தான். அதில் 1,500 வாட் ஹீட்டருக்கு மேல் போட முடியாது. இரண்டு கார் நிற்கிற கராஜில் அது கோயில் பிராகாரத்தில் ஏற்றிய அகல் விளக்கு!

அடுத்து, காஸ் சிலிண்டர் தலையில் மாட்டுகிற ஹீட்டர். ஆஹா, பத்தே நிமிஷத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினோம். "சூடு வெளியே போகுதுடா" என்று கதவு இடுக்கிலெல்லாம் பழைய பெட்ஷீட்டைத் திணித்த புத்திசாலி, அடியேன்தான்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வேர்த்து வழிந்தது. உளியெல்லாம் ஈரம். எனக்குத் தலை கனத்தது. நாலு மணிக் காபி குடிக்காத கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மகனும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் வீட்டுக்குள் ஏதோ ஒன்று நாலு நாலு தடவையாக 'கீச் கீச்' என்று அலறியது.

"மாமா! வெளியே வாங்க! ரெண்டு பேரும் வெளியே வாங்க!"

ஏழு மாத வயிற்றோடு மருமகள் பனியில் ஓட, பின்னாலேயே நாங்கள். எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வந்தது. கையில் மீட்டரோடு உள்ளே போனவர், திரும்பி வரும்போது என் பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதுவும் பேசவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தீக்குப் போதிய காற்று இல்லாவிட்டால் இதைத்தான் கக்குமாம். வயிற்றில் இருக்கிற சிசுவுக்கு இன்னும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் "ரெண்டு உயிரும் சௌக்கியம்" என்று சொல்கிறவரை நான் கும்பிடாத தெய்வமில்லை. அலறிய அந்தச் சின்னப் பெட்டியைப் படுக்கையறையிலிருந்து 10 அடிக்குள் வைத்தாக வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். அதை இயற்றின புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்!

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவர் தன் கராஜைக் காட்டினார். சுவருக்குள் பஞ்சு, ஷட்டரில் தெர்மோகோல் மாதிரி பலகை, அடியில் ரப்பர் பட்டை. "முதல்ல சுவருக்கு ஸ்வெட்டர் போடணும், அடுப்பெல்லாம் அப்புறம்" என்றார். காஸ் ஹீட்டர்தான் வேண்டுமென்றால், வெளியிலிருந்தே காற்றை இழுத்துப் புகையையும் குழாய் வழியே வெளியே தள்ளுகிற வகையாக இருக்க வேண்டுமாம். எங்களுடையது ஒரு கிலோ காஸை எரித்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரையும் ஆவியாக விடும். ஜன்னல் வேர்த்த ரகசியம் அதுதான்! பெட்ரோல் ஆவி தரையோடு படரும் என்பதால், புல்வெட்டியின் பெட்ரோல் கேனைக்கூட அவர் தனிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்.

எலக்ட்ரீஷியன் வந்து 240 வோல்ட் லைன் இழுத்தார். 5,000 வாட் ஹீட்டர் கூரையில் தொங்குகிறது. கரண்ட் பில்லைப் பற்றி மகன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பிப்ரவரியில் வரப்போகும் என் மனைவிக்கு பெட்ஷீட் கதை தெரியாது. இந்த வாரம் மட்டும் பத்திரிகைக்காரப் பையன் நம் வீட்டை மறந்தால் தேவலை!

தொட்டில் தயார். ஒரு கால் மட்டும் லேசாக ஆடுகிறது.

"தொட்டில்னா ஆடத்தானேப்பா வேணும்?" என்கிறான்.