பன்னிரண்டு போர்

கொருக்குப்பேட்டையில் அப்பாவுக்குக் காயலான் கடை. ஒருநாள் பழைய பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே இரட்டைக்குழல் துப்பாக்கி. கூடவே மேசை விளிம்பில் திருகி மாட்டும் பித்தளைக் கருவி ஒன்று, மருந்து அளக்கும் சின்னக் கோப்பை.

அப்பா ஷட்டரைப் பாதி இறக்கினார். "லைசன்ஸ் இல்லாம இது இங்க கெடந்தா நான் உள்ள போவணும்டா." ரம்பத்தை எடுத்துக் குழல்களை மூன்று துண்டாக்கினார். இரும்பு விலைக்குப் போயின.

கருவியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கென்று தெரிய வருடங்கள் ஆயின. சுட்ட தோட்டாவின் பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதியது பொருத்தி, மருந்து, தக்கை, ஈயக் குண்டுகள் நிரப்புவார்கள். பிறகு அட்டைக் கூட்டின் வாயை உள்பக்கமாகச் சுருட்டி மூட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கைப்பிடி. மேலே 12 என்று பொறித்திருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவுதான் குழலின் அளவு, 12 போர்.

அப்புறம் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஷெஃபீல்டின் டிக்ஸன், ஹாக்ஸ்லி பெயர் பொறித்தவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவையும் படித்தேன். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. "வெட்டாமலே வெச்சிருக்கலாம்பா" என்றேன்.

அப்பா நிமிரவில்லை. "அது சுடும்டா. தொறந்து பாத்தேனே. உள்ள கண்ணாடி மாரி இருந்திச்சி."