புல் முடிந்து வைத்த வழி

தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்பது என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. பாதயாத்திரைக் குழுவோடு செல்வதா, நாங்களாகவே செல்வதா என்று தீர்மானிக்க மூன்று வாரங்கள் ஆயின. நாங்கள் என்பது உடன்பிறந்தார் இருவர். எங்களோடு நடக்கவிருப்பவர் 71 வயதான அம்மா.

அப்பா காரைக்குடியிலிருந்து 22 ஆண்டுகள் ஒரே குழுவோடு நடந்தவர். அத்தனை ஆண்டும் அம்மா அவருடைய பையைக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டு, பூசத்தன்று பேருந்தில் சென்று மலையடிவாரத்தில் காத்திருப்பார். நடைவழி முழுவதும் அவருக்குக் கேள்வி ஞானம்தான். அப்பா மறைந்து இரண்டாண்டு கழிந்தபின், அந்தப் பாதையைத் தாம் பார்க்கவேண்டும் என்றார். வேண்டுதல் எதுவுமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

குழுவின் வசதிகள் மறுக்கவியலாதவை. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் சுமை வண்டியில் வரும். சமையற்காரர் முன்னே சென்று உலை வைத்திருப்பார். படுக்க மண்டபமோ மாந்தோப்போ ஏற்பாடாகியிருக்கும். எப்போது எழுவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் குருசாமியின் பொறுப்பு. இந்த விடுதலையைச் சிறிதென்று எண்ணலாகாது. பக்தி என்று சொல்லப்படுவதில் பாதி, முடிவெடுக்கும் சுமையை ஒருவரிடம் இறக்கிவைப்பதே என்று எங்களில் ஒருவர் வாதிட்டதுண்டு. நகரத்தார் காவடிகள் பழனிக்கு நடந்தே சென்று நடந்தே திரும்பும் வழக்கம் இத்தனை தலைமுறை நிலைத்திருப்பதும் கூட்டத்தின் கட்டுப்பாட்டால்தான் என்றே தோன்றுகிறது.

ஆனால் குழுவோ வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவில் புறப்படும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என நீளும் 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் பெரும்பகுதி இருளிலேயே கடந்துபோகும். நாளொன்றுக்கு 25, 30 கிலோமீட்டர் அம்மாவின் முழங்கால் தாங்காது. தாங்கினாலும், முன்னே நடப்பவர் முதுகில் ஒட்டிய ஒளிரும் பட்டையைத் தவிர வேறெதைக் காணப்போகிறார்?

நாங்களாகவே பகலில் நடந்தால் நாளுக்கு 12 கிலோமீட்டர் போதும். இரண்டு வாரம் ஆகும். பூசக் கூட்டம் திரளுமுன் கிளம்புவதால் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானக் கொட்டகைகளும் முளைத்திரா. இரவுக்கு இடம் நாங்களே தேடவேண்டும். லாரிகளை ஒட்டி மூவர் மட்டும் நடப்பதில் அச்சம் உண்டு. இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது வேறொன்று. அப்பா எந்த மரத்தடியில் படுத்தார், எந்த வீட்டுத் திண்ணையில் மோர் குடித்தார் என்பதை அறிந்தவர் குருசாமி ஒருவரே. அவர் குழுவை விட்டு எங்களோடு வர இயலாது. பகலில் பாதை தெரியும். காண்பது இன்னதென்று சொல்ல ஆளிராது.

இவ்விடத்தில் எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் என்பது சற்றே பயன்பட்டது. பழனி என்றதும் திருமுருகாற்றுப்படையை நினைப்பது இயல்பு. மலையடிவாரத்து ஆவினன்குடி அதில் இடம்பெறுகிறது. எனினும் நடப்பவனுக்கு அது வழி சொல்வது குறைவு, தெய்வம் சொல்வதே மிகுதி. வழி வேண்டுவோர் மலைபடுகடாத்திற்குத்தான் போகவேண்டும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் சொல்பவை பெரும்பாலும் எச்சரிக்கைகள்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் செல்க, கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின் ஒதுங்குக, பாசி வழுக்கும், கொடியைப் பற்றுக. வழி பிரியுமிடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் ஓரிடத்தில் சொல்கிறார். பின்னால் வரும் புதியவர் திகைக்காதிருக்க வேண்டுமல்லவா? சொல்பவன் உடன் போவதில்லை. போய்வந்தவன் என்பதே அவனுடைய தகுதி.

குருசாமியிடம் இதையே கேட்டோம். உடன் வரவேண்டாம், உட்கார்ந்து சொல்லுங்கள் என்றோம். குழுவை விட்டுச் செல்வதில் அவருக்கு வருத்தம் இல்லாமலில்லை. முதலில், "மதினிய வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றுதான் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. பிறகு அவரே நோட்டு எடுத்துவரச் சொன்னார்.

இரண்டு மாலைகள் சொன்னார்; 19 பக்கம் வந்தது. எந்த அடிகுழாயில் தண்ணீர் உவர்க்கும், எங்கே நாய்கள் தொல்லை, எந்தக் கோயில் பூசாரி படுக்க இடம் தருவார் என்றெல்லாம். இடையிடையே அப்பா வந்தார். சிங்கம்புணரி தாண்டி ஒரு வயற்கிணறு, அருகே ஒரு வேப்பமரம், அங்கேதான் ஆண்டுதோறும் கால் கொப்புளத்திற்கு மருந்திடுவார் என்றார்.

"வேம்பில்லை தம்பி, புங்கமரம். அவுக அப்படித்தான் சொன்னாக" என்றார் அம்மா.

குருசாமி சிறிது நேரம் யோசித்தார். "ஆமா மதினி, புங்கமரந்தான்" என்று, எழுதியதை அடித்து மாற்றச் சொன்னார்.