ஆச்சியின் தோள்

ஆச்சிக்கு இருந்தது ஒரே ஒரு படம். நூல் சேலை, காதில் பாம்படம். ரவிக்கை இல்லை, கடைசிவரை அவள் போட்டதும் இல்லை. பூஞ்சை பிடித்து ஒரு கன்னமும் வலது தோளும் மங்கிப்போயிருந்தன.

செல்போனில் ஒரு ஏஐ செயலியில் அந்தப் படத்தை ஏற்றிக் கறையை நீக்கச் சொன்னேன். விதிகளை மீறிய படம் என்று திருப்பி அனுப்பியது. ஆச்சி விதியை மீறிவிட்டாளாம்! வேறொரு செயலி மறுக்கவில்லை. கறையை நீக்கியதோடு, கேட்காமலே வெள்ளை ரவிக்கையும் மாட்டிவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன்.

"ஏட்டி, நல்லாத்தான இருக்கு. இதையே சட்டம் போட்டுருவோம். நாலு பேரு வந்துபோற வீடு."

வழக்கம்போல வகுப்பெடுக்கத் தொடங்கினேன். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் போராடி 1859-இல் அனுமதி பெற்ற கதை.

"அவங்க மூடத்தான கேட்டாங்க?" என்றாள் அம்மா. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அம்மா சொன்ன நாலு பேர் செயலிக்குள்ளும் இருக்கிறார்கள். படத்தில் எவ்வளவு 'கவர்ச்சி' என்று மதிப்பெண் போடும் நிரல்கள், மனிதர்கள் குறியிட்டுத் தந்த படங்களைப் பார்த்துப் பழகியவை. பெரிய நிறுவனங்களின் இத்தகைய நிரல்களை 2023-இல் கார்டியன் நாளிதழ் சோதித்தபோது, கர்ப்பிணியின் வயிறும் மார்பகப் பரிசோதனைப் படமும்கூட அதில் மாட்டிக்கொண்டன.

ஆனால் எங்கள் கல்லூரிப் புகார்க் குழுவுக்கு வந்த படத்தில், சுடிதார் அணிந்த மாணவியின் உடை முழுவதும் உரிக்கப்பட்டிருந்தது. "செயலி மறுக்கலையா?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன்.

"மொதல்ல மறுத்துச்சு மேம். மாத்தி மாத்திக் கேட்டேன்."

அன்றிரவு நானும் அதையேதான் செய்தேன். ஆச்சியின் முகத்தை மட்டும் வெட்டி ஏற்றினேன். கன்னம் திரும்பி வந்தது. பிறகு கைகள். துண்டுகளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையனின் குரல் காதில் விழுந்தபடியே இருந்தது. அவன் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. நானும் ஆச்சியைக் கேட்கவில்லைதான். ஆனால் கேமரா முன்னால் அவள் எப்படி உட்கார்ந்தாளோ, அப்படியே அவளைத் திருப்பிக் கேட்கிறேன். இந்த வேறுபாட்டைச் செயலிக்கு எந்த வார்த்தையில் சொல்வது? தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கும் அது கிடைக்கவில்லை.

தோளை எந்தச் செயலியும் ஏற்கவில்லை. கறையோடேயே சட்டம் போட்டேன். கூடத்தில் மாட்ட அம்மா விடவில்லை. படம் என் அறையில் இருக்கிறது.